தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்கான தமிழ் நூல் தேர்வு

தொடக்கப்பள்ளி நூல் தேர்வு என்பது, 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தவிர வேறு எந்தப் புத்தகத்தை, எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கும் வேலை. பெற்றோர், ஆசிரியர், நூலகர் மூவரும் இதைச் செய்கிறார்கள். பெரும்பாலும் வயதையோ வகுப்பையோ பார்த்தே செய்கிறார்கள். தமிழ்ப் புத்தகங்களைப் பொறுத்தவரை அந்த இரண்டும் சரியான அளவுகோல்கள் அல்ல. பிள்ளை தமிழை எந்த அளவுக்குத் தடையில்லாமல் படிக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இது தெளிவாகத் தெரியும். தமிழ்ச் சிறுவர் இதழ்களும் நூல்களும் பல காலமாக வெளிவந்த வட்டாரம் இது. வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் படிக்க வராத பிள்ளைகள் நிறைய இருக்கும் வட்டாரமும் இதுவே.

ஒரே பிள்ளை, இரண்டு நிலை

அடையாற்றிலோ தியாகராய நகரிலோ ஆங்கில வழிப் பள்ளியில் 4ஆம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் நூறு பக்கக் கதைப் புத்தகத்தை இரண்டு நாளில் முடித்துவிடுவாள். அதே சிறுமி, தமிழில் ஒரு கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஊரிலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு செய்தி தட்டி அனுப்பினால், “பாட்டி, குரல் பதிவா அனுப்புங்க” என்று கேட்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. பாட்டி சொல்லும் கதை முழுவதும் அவளுக்குப் புரிகிறது. அச்சில் இருக்கும் தமிழ்தான் அவளுக்கு அந்நியமாக இருக்கிறது.

இவளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கப் போகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். வயதைப் பார்த்து வாங்கினால் நீண்ட பத்திகள் நிறைந்த புத்தகம் வீட்டுக்கு வரும். அவள் இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவாள். படிக்கும் திறனைப் பார்த்து வாங்கினால் ‘அணில், ஆடு, இலை’ என்று படம் போட்ட அரிச்சுவடிப் புத்தகம் வரும். ஆங்கிலத்தில் துப்பறியும் கதை படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். இரண்டு வழியிலும் அவள் எடுக்கும் முடிவு ஒன்றே: தமிழ்ப் புத்தகம் என்றால் கஷ்டம், இல்லாவிட்டால் குழந்தைத்தனம். பத்து வயதுக்குள் இந்த எண்ணம் உறைந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

அதே தெருவின் மறுமுனையில் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் நிலை வேறு. அவனுக்குப் பள்ளியில் எல்லாப் பாடமும் தமிழிலேயே நடக்கலாம். ஆனால் வீட்டில் பாடநூல் தவிர ஒரு புத்தகமும் இருக்காது. அவன் 3ஆம் வகுப்பில் சரளமாகப் படிக்கத் தொடங்கியவுடன் அடுத்தடுத்துப் புத்தகங்கள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தச் சரளம் தேர்வுத்தாளோடு நின்றுவிடும். இந்த இருவருக்கும் ‘4ஆம் வகுப்புக்கான பத்துப் புத்தகங்கள்’ என்று ஒரே பட்டியலைக் கொடுப்பதில் பொருளில்லை.

2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் 1ஆம் வகுப்பிலிருந்து தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அதனால் எழுத்து அறியாத பிள்ளைகள் குறைந்திருக்கலாம். ஆனால் பாடமாகப் படிப்பதும் தானாக எடுத்துப் படிப்பதும் ஒன்றல்ல. கேள்வி பதிலை மனப்பாடம் செய்தே தமிழில் தொண்ணூறு மதிப்பெண் எடுத்துவிடலாம். அதைச் செய்து காட்டும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

அச்சுத் தமிழ் எங்கே தடுக்கிறது

எழுத்துகளின் எண்ணிக்கை 247 என்பதால்தான் தமிழ் படிப்பது கடினம் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் உயிர், மெய், குறியீடுகள் ஆகியவற்றின் அமைப்பு பிடிபட்டுவிட்டால் உயிர்மெய் எழுத்துகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தடை வேறு இடங்களில் இருக்கிறது. புத்தகம் தேர்ந்தெடுப்பவர் அவற்றைத் தெரிந்துகொண்டால், கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் ஒரு புத்தகத்தை எடை போட்டுவிடலாம்.

முதல் தடை சொல்லின் நீளம். ‘மரம்’ என்பதில் 3 எழுத்து. ‘போய்க்கொண்டிருந்தான்’ என்பதில் 10 எழுத்து. ஆங்கிலத்தில் மூன்று நான்கு தனிச் சொற்களாக வரும் செய்தி தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பத்தாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். ஆகவே பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. ‘நடந்தான்’, ‘சிரித்தாள்’, ‘ஓடியது’ என்று முடியும் வாக்கியங்கள் உள்ள புத்தகம், ‘நடந்துகொண்டிருந்தபோது’ என்று தொடங்கும் புத்தகத்தைவிட முதலில் வர வேண்டும்.

இரண்டாவது தடை சந்தி. ‘யானை ஒன்று’ என்று பிரித்து அச்சிட்டால் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்த சொற்கள். ‘யானையொன்று’ என்று சேர்த்து அச்சிட்டால் அது தெரியாத மூன்றாவது சொல் ஆகிவிடுகிறது. ‘அவளில்லை’, ‘மரத்திலேறி’ போன்றவையும் அப்படியே. ‘அந்தக் குரங்கு’ என்பதில் வரும் வல்லின மெய் பிள்ளைக்கு இடைஞ்சல் செய்வதில்லை; பேச்சிலும் அந்த அழுத்தம் இருக்கிறது. உயிர் எழுத்தை முன்சொல்லோடு புணர்த்துவதுதான் சிக்கல். இன்றைய சிறுவர் பதிப்பாளர்களில் பலர் பிரித்தே அச்சிடுகிறார்கள். இலக்கணப் பற்றுள்ளவர்கள் இதைக் குறை சொல்வதுண்டு. சேர்த்து எழுதிய சொல்லைப் பார்த்து மிரண்டு ஒரு பிள்ளை புத்தகத்தையே கீழே வைத்துவிட்டால், இலக்கணத்துக்கும் அதனால் லாபமில்லை.

மூன்றாவது தடைதான் பெரியது. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறாக இருப்பது. வீட்டில் ‘வந்துட்டாங்க’, புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’. வீட்டில் ‘அவங்க வீட்டுல இருக்குது’. புத்தகத்தில் ‘அவர்கள் வீட்டில் இருக்கிறது’. இரண்டும் ஒன்றுதான் என்பது பெரியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு அதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எளிய வழி, புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைப் பெரியவர் படித்துவிட்டு, “இதை நம்ம வீட்டுல எப்படிச் சொல்லுவோம்?” என்று கேட்பது. நான்கைந்து புத்தகங்களுக்குள் பிள்ளைக்கு அந்த மாற்றம் பழகிவிடும். உரையாடல்களை மட்டும் பேச்சுத் தமிழில் வைத்து, கதையை எளிய எழுத்துத் தமிழில் சொல்லும் புத்தகங்கள் இந்த மாற்றத்துக்கு நல்ல பாலம்.

நான்காவது தடை பழைய புத்தகங்களில் மட்டும் வரும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை மேலே துதிக்கை போட்ட வடிவத்திலும், ணா, றா, னா முதலியவை காலை வளைத்த வடிவத்திலும் அச்சாயின. மொத்தம் 13 எழுத்துகள். தாத்தா பாதுகாத்து வைத்த ‘அம்புலிமாமா’வை ஆசையோடு எடுத்துக் கொடுக்கும்போது, பேரன் ‘யானை’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். லஸ் பக்கத்து நடைபாதைக் கடைகளில் பழைய சிறுவர் நூல் வாங்குகிறவர்கள் அச்சான ஆண்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த 13 எழுத்துகளை ஒரு ரகசியக் குறியீடுபோலச் சொல்லிக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். எழுத்தே பழகாத பிள்ளைக்கு அவை வேண்டாம்.

நிலையை அறிந்துகொள்ளுதல்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் பள்ளிகளில் ‘ஐந்து விரல் முறை’ என்று ஒன்று உண்டு. பிள்ளை ஒரு பக்கத்தைப் படிக்கும்போது பொருள் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒன்றும் மடங்காவிட்டால் புத்தகம் எளிது. இரண்டு மூன்று என்றால் பொருத்தம். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். தமிழுக்கு இதைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருள் தெரியும், வாசிக்கத்தான் வராது. எனவே பொருள் தெரியாத சொல்லை எண்ணாமல், நின்று தடுமாறும் சொல்லை எண்ண வேண்டும். ஐந்து விரலும் மடங்கிய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது பெரியவர் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம்.

‘ஏசர்’ என்ற பெயரில் ‘பிரதம்’ அமைப்பு கிராமப்புறங்களில் நடத்திவரும் கணக்கெடுப்பில் பயன்படும் வாசிப்புத் தாள் இன்னும் எளிது. எழுத்துகள், சொற்கள், 1ஆம் வகுப்பு அளவிலான ஒரு சிறு பத்தி, 2ஆம் வகுப்பு அளவிலான ஒரு கதை என்று நான்கே படிகள். வீட்டில் இதே போல ஒரு தாளைத் தயாரித்துக்கொள்ளலாம். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிய ஐந்து நிமிடம் போதும். தேர்வு என்று சொல்லாமல் செய்வது முக்கியம்.

வகுப்புக்குப் பதிலாக நிலையைப் பார்ப்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. அதன்பின் வந்த ‘வாசிப்பு இயக்கம்’ தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அமைத்தது. பெயர்களே பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி இருக்கின்றன. தனியார் பள்ளிப் பெற்றோர் பலருக்கு இந்த நூல்களைப் பற்றித் தெரிவதில்லை. தெரிந்தால் அவர்களுக்கும் உதவும்.

பெங்களூருவைச் சேர்ந்த ‘பிரதம் புக்ஸ்’ 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையதளமும் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்குள் முடியும். இரண்டாம் நிலை 600 வரை. மூன்றாம் நிலை 1500 வரை. தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் பதிவேற்றலாம் என்பதால் தரம் ஒரே சீராக இருக்காது. பெரியவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் சிறுவர் நூல்

மயிலாப்பூரின் கலைமகள் நிறுவனம் 1950இல் ‘கண்ணன்’ சிறுவர் இதழைத் தொடங்கியது. ஆர்வி அதன் ஆசிரியர். அம்பை இளம் வயதில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ அந்த இதழின் போட்டியில் பரிசு பெற்ற கதைதான். அதே 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. வங்கி ஊழியராக இருந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய வள்ளியப்பாவின் சொற்கள், மேலே சொன்ன அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் தேறும்: சிறியவை, ஓசை உள்ளவை, வாயில் நிற்பவை. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வடபழனியிலிருந்து வந்தது. கல்கி நிறுவனத்தின் ‘கோகுலம்’ 1972இல் தொடங்கி 2020 வரை அச்சில் வந்தது. வாண்டுமாமா ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ என்று இதழ் இதழாகப் பிள்ளைகளைப் பின்னால் கூட்டிச் சென்றார்.

பெ. தூரன் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ சென்னையில் உருவானதே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அதைப் படிக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை தானாகப் படிக்க அது கடினம். கேள்வி கேட்கும் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து புரட்ட இன்றும் நல்ல நூல்.

1996இல் சென்னையில் தொடங்கிய ‘தூலிகா’ பதிப்பகம் படக்கதைப் புத்தகத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரே கதை தமிழ், ஆங்கிலம், இந்தி முதலிய ஒன்பது மொழிகளில் ஒரே படங்களோடு வருகிறது. சில புத்தகங்களில் ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருக்கும். ஆங்கிலம் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இவை மிகவும் உதவும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இரு மொழிப் புத்தகத்தைத் தனியே விட்டால் பிள்ளையின் கண் ஆங்கில வரிக்கே போகும். தமிழ் வரியைப் பெரியவர் படிக்க, பிள்ளை விரல் வைத்துத் தொடர்வது என்று வைத்துக்கொண்டால்தான் பலன்.

எந்த நிலைக்கு எது

எழுத்துக்கூட்டும் நிலையில் உள்ள பிள்ளைக்கு, எந்த வயதாக இருந்தாலும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் புத்தகம் வேண்டும். உலக அளவில் இதற்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு 1957இல் வெளிவந்த ‘தி கேட் இன் தி ஹேட்’. டாக்டர் சூஸ் அதை 236 வெவ்வேறு சொற்களை மட்டும் வைத்து எழுதினார். பள்ளி வாசிப்பு நூல்கள் சலிப்பூட்டுகின்றன என்ற குறைக்குப் பதிலாக வந்த புத்தகம் அது. சொல் குறைந்தாலும் குறும்பு குறையவில்லை. தமிழில் இந்தக் குணம் கொண்டது அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’. சளி பிடித்த ஒரு பெரிய யானை, ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்லும் ஊர் மக்கள், வரப்போகும் பெருந்தும்மல். தும்மலை வகுப்பே சேர்ந்து போடும். எழுத்துக்கூட்டும் பிள்ளைகூட அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் விட்டுத் தராது. நந்தினி நாயர் எழுத, புரொய்தி ராய் வரைந்த, சப்பாத்தி மாவை உருட்டி ஒவ்வொரு விலங்காகச் செய்து பார்க்கும் சிறுவனின் கதையும் இந்த நிலைக்கு ஏற்றது. அதைப் படித்த அன்று இரவு அடுப்படியில் மாவு கேட்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ம.இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ பாடல் தொகுதியையும் இங்கேயே சொல்லலாம். 2011இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. பாட்டு முதலில் காதால் மனப்பாடமாகிவிடுவதால், பிறகு அச்சில் பார்க்கும்போது பிள்ளை ஊகித்தே படித்துவிடும். இது ஏமாற்று இல்லை. படிக்கக் கற்பதில் ஊகத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்த நிலை, தடுமாறினாலும் ஒரு பக்கத்தை முடித்துவிடும் நிலை. நூல் தேர்வில் அதிகக் கவனம் வேண்டிய நிலை இதுதான். ஒன்பது வயது ஆங்கில வழிச் சிறுமி இங்கேதான் இருக்கிறாள். வாக்கியம் எளிதாக இருக்க வேண்டும். கதை அவள் வயதுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஸாய் விட்டேகர் எழுதிய, காளி என்ற இருளர் சிறுவனின் கதை அப்படிப்பட்டது. அப்பா பாம்பு பிடிப்பவர் என்று வகுப்பில் சொல்லக் கூச்சப்படும் காளி, வகுப்பறைக்குள் ஒரு சாரைப்பாம்பு வந்து விழும்போது என்ன செய்கிறான் என்பதுதான் கதை. வகுப்பில் ஒதுங்கி உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் அது தன் கதை. படித்து முடித்த வாரத்தில் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிச் சென்றால், அங்குள்ள பெயர்ப்பலகைகளைத் தமிழில் தானே படித்துப் பார்க்கும். மகாசுவேதா தேவி எழுதிய, எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்கும் பழங்குடிச் சிறுமி மொய்னாவின் கதையும் இதே நிலைக்கு உரியது.

படக்கதைகளை, அதாவது காமிக்ஸ்களை, இந்த நிலையில் தயங்காமல் கொடுக்கலாம். ஒரு கட்டத்தில் ஓரிரு வரியே இருக்கும்; படம் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். ‘இதெல்லாம் படிப்பா?’ என்று கேட்கும் பெரியவர்களில் பலர் தாங்களே ‘பூந்தளிர்’ படித்துத் தமிழ் பழகியவர்கள்.

தானே படிக்கும் நிலைக்கு வந்துவிட்ட 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று தேர்வு விரிந்திருக்கிறது. தேனாம்பேட்டையில் இயங்கும் பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகள் விலை குறைவு. நேரடிக் கதைகளும் மொழிபெயர்ப்புகளும் உண்டு. வானம் பதிப்பகம் சிறுவர் நூல்களுக்கே முக்கியத்துவம் தருகிறது. இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ வேதாளக் கதையின் சட்டத்துக்குள் அறிவியலைச் சொல்கிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் கதைக்களமாக்குகிறது. 2023ஆம் ஆண்டு பால சாகித்திய விருது பெற்றது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020ஆம் ஆண்டு விருது) பிள்ளைகளின் உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நாவல். இதைப் பெற்றோர் முதலில் படித்துவிட்டு, பிள்ளை படிக்கும்போது அருகில் இருப்பது நல்லது, கேள்விகள் வரும். அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் வெளியிடும் ‘துளிர்’ இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 4, 5ஆம் வகுப்புகளுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது இவை எதுவுமல்ல. ‘சிறுவர்களுக்கான 101 நீதிக்கதைகள்’ என்ற வகைத் தடித்த தொகுப்புதான். பரிசளிப்பு விழாக்களிலும் அதுவே பிள்ளைகள் கைக்குப் போகிறது. பஞ்சதந்திரமும் தெனாலிராமனும் நல்ல கதைகள். குறை கதையில் இல்லை. பொடி எழுத்து, படமில்லாத பக்கம், ‘ஓர் ஊரில் ஓர் அரசன் ஆண்டுவந்தான்’ வகை நடை, ஒவ்வொரு கதைக்கும் கீழே கட்டம் கட்டி ஒரு நீதி. கீழே நீதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிள்ளை கதையைப் படிக்காமல் நீதியை மட்டும் படிக்கும். தேர்வுக்கு அதுதான் வரும் என்று அதற்குத் தெரியும். இந்தக் கதைகளைப் பெரியவர்கள் வாயால் சொல்வதே மேல். மயிலாப்பூரில் கொலு பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்குப் பதிலாக மெல்லிய படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுக்கலாம். பல புத்தகங்களின் விலை அந்த டப்பாவின் விலையைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நூலகத்தைப் பயன்படுத்துதல்

நூலகத் துறையில் உலகம் முழுவதும் பேசப்படும் ஐந்து விதிகள் சென்னையில் எழுதப்பட்டவை. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் அவற்றை நூலாக்கினார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் இருக்கிறார் என்ற பொருளில் அமைந்த இரண்டு விதிகளும், சிறுவர் நூல் பட்டியல் போடுகிறவர்கள் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியவை. பட்டியல் ஒன்றாக இருக்கலாம், வாசகர் ஒருவரல்லர்.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. தியாகராய நகரில் வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் கிளை நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனாலும் கிளை நூலகத்துக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன பெற்றோர் குறைவு. சிறுவர் அலமாரி சிறியதாக இருக்கலாம். கேட்கிறவர்கள் வந்தால்தான் அது நிறையும்.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல் தளம் சிறுவர் பகுதி. அடையாற்றிலிருந்து சில நிமிடப் பயணம். அங்கே முதல் முறை செல்லும்போது பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பிள்ளை எந்த அலமாரி முன் நிற்கிறது, எந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு வைக்கிறது, எதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்கிறது என்று பார்த்தாலே அடுத்து என்ன வாங்கலாம் என்று தெரிந்துவிடும். ஆங்கில அலமாரிக்கே போனால் தடுக்கக் கூடாது. திரும்பும்போது ஒரு தமிழ்ப் படக்கதையைப் பெரியவர் படித்துக் காட்டிவிட்டு வரலாம்.

கையில் கொடுத்த பிறகு

படித்து முடித்ததும் “என்ன புரிஞ்சுது, சொல்லு” என்று கேட்பது பலருக்குப் பழக்கம். அது புத்தகத்தைப் பாடமாக்கிவிடும். “அந்த யானை உங்க வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டால் பிள்ளை பேசும், புரிந்ததா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே புத்தகத்தை இருபது முறை கேட்கும் பிள்ளையிடம் ‘வேற எடு’ என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சில சொற்கள் எழுத்துக்கூட்டாமலே கண்ணுக்குப் பழகுகின்றன. பாதியில் வைத்துவிடும் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான தானியல் பென்னாக் 1992இல் வெளியிட்ட நூலில் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். முடிக்காமல் விடுவதும், திரும்பப் படிப்பதும் அவற்றில் உண்டு. பெரியவர்கள் தங்களுக்கு இந்த உரிமைகளை எடுத்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் தருவதில்லை.

தானே படிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்காகப் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. காதால் கேட்டுப் புரியும் அளவு, கண்ணால் படித்துப் புரியும் அளவைவிடப் பல படிகள் முன்னே இருக்கும். 4ஆம் வகுப்புப் பிள்ளை தானாகப் படிப்பது ‘கஜபதி குலபதி’யாக இருக்கலாம், இரவில் அம்மாவோ தாத்தாவோ படிக்கக் கேட்பது வாண்டுமாமாவின் நீண்ட சாகசக் கதையாக இருக்கலாம். தினமும் பத்து நிமிடம், சுவையான இடத்தில் நிறுத்துவது. அடுத்த பத்தியைத் தானே படித்துப் பார்க்கும் ஆசை சில பிள்ளைகளுக்கு அப்போதுதான் வருகிறது.

ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்துவருகிறது. அங்கே பிள்ளையின் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, இந்தப் பணத்துக்குள் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள், ஒன்றாவது தமிழாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்க்கலாம். நெரிசல் குறைந்த வார நாள் பிற்பகல் நல்ல நேரம். பிள்ளை தேர்ந்தெடுத்தது அரைப் பக்கம்கூட எழுத்தில்லாத டைனோசர் படப்புத்தகமாக இருந்தாலும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அதில் உள்ள சில வரிகளை அது தன் பாட்டுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும்.